ஊர்ப்பிள்ளையை ஆசிரியராக்குங்கள்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பிறந்து, இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் லண்டனிலும் கொழும்பிலும் வாழ்கிற உறவுகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டு உங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டித் தர வேண்டாம். நுழைவாயில் வளைவும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஊரில் இருக்கும் ஒரு பிள்ளையை ஆசிரியராக்குங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளை. இதைத் தள்ளிப்போட நேரமில்லை. தள்ளிப்போட்டால் நீங்கள் கட்டிய மண்டபத்தில் இருந்து படிக்கப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

இந்தத் தீவுகள் அடங்கிய தீவகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் தொங்கும் நேரசூசியைப் பார்த்தேன். தமிழும் சமயமும் வரலாறும் மையால் எழுதியிருந்தன. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் பென்சிலால். பென்சிலால் எழுதிய பெயர்களை அழித்து, மேலே வேறு பெயர் எழுதி, அதையும் அழித்திருந்தார்கள். தாள் அந்த இடங்களில் மட்டும் தேய்ந்து மெல்லிசாகிவிட்டது. ஒவ்வொரு அழிப்பும் ஓர் இடமாற்றம். ஓ.எல். எழுதப்போகிற பிள்ளைக்கு இரண்டு ஆண்டில் மூன்று விஞ்ஞான ஆசிரியர்கள், இடையில் யாருமே இல்லாத மாதங்கள். இந்தப் பிள்ளை ஏ.எல். கணிதப் பிரிவுக்கு எப்படிப் போகும்? போகாவிட்டால் நாளைக்குத் தீவகத்துக்கு ஒரு கணித ஆசிரியர் எங்கிருந்து வருவார்? ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம் அடுத்த தலைமுறை ஆசிரியரையும் சேர்த்து இழக்கிறது. வறுமையைவிட, படகைவிட, கடலைவிட இந்தச் சுழல்தான் எனக்குப் பயத்தைத் தருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காலையில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் பாருங்கள். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, வாணர் தாம்போதி தாண்டிப் பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பாட்டுப் பெட்டியும் கொப்பிக் கட்டுமாக வள்ளத்துக்கு நிற்பார்கள். நெடுந்தீவுக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரக் கடல். சோளகம் பெயர்ந்து அடிக்கும் மாதங்களில் படகு ஏறுவதே ஒரு தைரியம். வாடைக் காலத்தில் சேவை நின்றுபோகும் நாள்களும் உண்டு. வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிற தாய் அவர்களில் இருப்பார். போய்ச் சேர்ந்ததும் முதற் பாடவேளையில் பாதி போயிருக்கும். திரும்பும் படகைப் பிடிக்க, கடைசிப் பாடவேளையில் மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் படிப்பிக்க முடியும். உரிய காலம் முடிந்ததும் அவர் இடமாற்றம் கேட்பது மனித இயல்பு. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று புதிதாக வந்த ஆசிரியையிடம் முதல் நாளே, "நீங்களும் மாறிப் போயிடுவியளோ ரீச்சர்?" என்று கேட்கிற நிலைக்கு நாங்கள் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டோமே, அதற்கு யார் பதில் சொல்வது?

பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஏனென்றால் ஒரு காலத்தில் இந்த மண் தன் ஆசிரியர்களைத் தானே உருவாக்கியது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் வெளியூரிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கவில்லை. தம்மிடம் படித்தவர்களையே ஆசிரியர்களாக்கினார். அதற்குப் பணம் வேண்டி ஊர் ஊராக மக்களிடம் கேட்டார். 'இந்துபோட்' எனப்பட்ட சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923இல் தோன்றியபோது 'இந்துபோட்' இராசரத்தினம் பள்ளிக்கூடங்களைத் திறந்ததோடு நிற்கவில்லை. அவற்றில் படிப்பிக்க ஆள் வேண்டும் என்று திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலையும் எழுந்தது. கத்தோலிக்கர்களுக்குக் கொழும்புத்துறையில் ஒரு கலாசாலை இருந்தது. கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் ஒரே கையால் பணம் கொடுத்த காலம் அது. 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் உதவி நன்கொடை பெறும் பள்ளிகள் அரசின் கைக்குப் போயின. அதன் பிறகு ஆசிரியர் என்பவர் கொழும்பு அனுப்ப வேண்டிய ஆள், எங்கள் பொறுப்பு பரிசளிப்பு விழாவும் சுவருக்குப் பெயின்ரும் என்று ஆகிவிட்டது. பள்ளி அரசுடைமை ஆனது சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அன்றைக்குக் கைவிட்ட அந்தப் பழக்கத்தை மட்டும் திரும்ப எடுங்கள் என்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆசிரியரைப் பழக்குவது தமிழருக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் மூத்த மாணவனாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த அன்ட்ரூ பெல் மணலில் எழுதிப் படிக்கும் பிள்ளைகளைக் கண்டார். மூத்த பிள்ளை இளையதற்குப் படிப்பிக்கும் முறையைத் தம் விடுதியில் ஏற்படுத்தி, 1797இல் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்து அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வைத்தது. அதே இங்கிலாந்து 2012இல் 'ஸ்கூல் டைரக்ட்' என்ற திட்டத்தால் ஆசிரியர் பயிற்சியை மறுபடி பள்ளிகளின் கையில் கொடுத்தது. அங்கே என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பாடம். சம்பளத்தோடு பயிற்சி பெறுகிறவருக்குப் பெரும் பங்கைப் பள்ளியே கொடுக்க வேண்டிவந்தபோது, பணமும் ஆளும் உள்ள பெரிய பள்ளிகள் சமாளித்தன. கடலோரத்துச் சிறிய பள்ளிகள் திணறின. பயிலுநரைப் பக்கத்தில் இருந்து பழக்க ஒரு மூத்த ஆசிரியரை விடுவிக்கக்கூட அவற்றால் இயலவில்லை. பௌதிகத்துக்கு ஆள் சேர்க்கும் இலக்கு ஆண்டுதோறும் தவறியது. வசதியான நாட்டிலேயே இந்தக் கதி என்றால், பள்ளிக்கூடம் தனித்து இதைச் செய்யட்டும் என்று நாங்கள் கைகட்டி இருக்க முடியாது. பணம் ஊரிடமிருந்து வர வேண்டும்.

எங்கே பணம் தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஏ.எல். எழுதிய தீவகப் பிள்ளை ஒருத்தி ஆசிரியராக விரும்பினால், கோப்பாயில் உள்ள யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். இஸட் புள்ளி, நேர்முகத்தேர்வு. இடம் கிடைத்தால் மூன்று ஆண்டுப் படிப்பு. முதல் இரண்டு ஆண்டு விடுதியில், மூன்றாம் ஆண்டு ஒரு பள்ளியில் உள்ளகப் பயிற்சி. அரசு கொடுக்கும் மாதக் கொடுப்பனவு சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. ஆனால் நாங்கள் பிள்ளைகளை இழப்பது பெரும்பாலும் அந்த மூன்று ஆண்டில் இல்லை, அதற்கு முன்னால். பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வர்த்தமானி வந்து, கல்லூரி வாசலில் கால் வைக்கும் வரைக்கும் ஓராண்டு போகும், சில தடவை இரண்டும் போகும். அந்தக் காலத்தில் வீட்டில் வருமானம் இல்லை. தகப்பன் கடலுக்குப் போகிறவர், கடல் அட்டைக்கும் நண்டுக்கும் விலை எப்படி என்பதைப் பொறுத்தே அடுப்பு எரியும். பிள்ளை யாழ்ப்பாணத்தில் புடவைக்கடைக்குப் போகிறாள், அல்லது கொழும்பில் ஒரு கொம்பனிக்கு. அல்லது கல்யாணம் பேசி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடிதம் வந்து சேரும்போது வீட்டில் அவள் இருப்பதில்லை.

அந்தக் காத்திருக்கும் காலத்தை ஊர் வாங்கிக்கொள்ள வேண்டும். அவளை ஆசிரியப் பயிலுநராகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வாருங்கள். மாதம் முப்பதாயிரம் ரூபா கொடுங்கள். கனடாவில் இருக்கிறவர்களுக்கு இது இருநூறு டொலருக்கும் குறைவு. பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஆளுக்கு இருபது டொலர்கூட வராது. பிறகு கல்லூரிக் காலத்தில் மாதம் பதினையாயிரம். ஓராண்டு காத்திருப்பு, மூன்றாண்டு படிப்பு, எல்லாம் சேர்ந்து ஒன்பது இலட்சம் ரூபா. நுழைவாயில் வளைவுக்கு எவ்வளவு முடிந்தது என்று உங்கள் சங்கப் பொருளாளரைக் கேட்டு, பக்கத்தில் இந்தத் தொகையை எழுதிப் பாருங்கள்.

இப்போது அதிபர்களிடம் பேச வேண்டும், கொஞ்சம் கண்டிப்பாகத்தான். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்த முதல் நாளே சோக்கட்டியைக் கையில் கொடுத்து, ஆசிரியர் இல்லாத வகுப்புக்குள் தள்ளிவிடாதீர்கள். உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். வெறுமையாக இருக்கும் வகுப்பைப் பார்த்தால் யாரையாவது நிறுத்தத் தோன்றும். ஆனால் பழகாத ஒருத்தியை நாற்பது நிமிடம் தனியே விட்டால் பிள்ளைகளும் கெடுவார்கள், அவளுக்கும் இந்தத் தொழில் கசந்துவிடும். முதல் சில வாரம் பின்வாங்கில் இருந்து பார்க்கட்டும். நல்ல ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் வாய்மூடி நிற்கிறார், எந்தப் பிள்ளையின் கொப்பியைக் குனிந்து பார்க்கிறார், கரும்பலகையின் எந்த மூலையில் திகதியையும் எந்தப் பக்கத்தில் கணக்கையும் எழுதுகிறார் என்று குறிப்பெடுக்கட்டும். பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம், முதல் நாள் இரவே எழுதிய பாடக்குறிப்போடு, மூத்தவர் ஒருவர் இருந்து பார்க்க. பாடம் முடிந்ததும் பத்து நிமிடம் அவளோடு இருந்து பேசுங்கள். எது சரி வந்தது, எந்த இடத்தில் பின்வரிசை கைவிட்டுப் போயிற்று என்று.

தீவகம் போன்ற இடங்களில் மட்டுமே பழகக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் குறைந்த பள்ளியில் மூன்றாம் நான்காம் தரங்களை ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்க வேண்டிவரும். ஒரு பக்கத்துக்கு வேலை கொடுத்துவிட்டு மறுபக்கத்துக்குப் பாடம் சொல்வதும், நான்காம் தரம் வாசிப்பதை மூன்றாம் தரம் கேட்டுக்கொண்டிருப்பதையே பாடமாக்குவதும் யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பள்ளிகளில் யாரும் கற்றுத் தரமாட்டார்கள். அந்தக் கலை தெரிந்தவர்கள் ஊரில் ஓய்வுபெற்று இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். பயிலுநரோடு கிழமைக்கு இரண்டு நாள் இருக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஒரு கொடுப்பனவு ஒதுக்குங்கள். மரியாதை மாலையோடு அனுப்பிவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நியமனம் தருவோம் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தால் நியமனம் கொடுக்க முடியாது. பழைய மாணவர் சங்கத்தாலும் முடியாது. வடக்கில் யுத்த காலத்திலும் அதன் பின்னரும் தொண்டர் ஆசிரியர்களாக நின்றவர்களை நாங்கள் நடத்திய விதம் எங்கள் சமூகத்தின் மேல் இருக்கும் கடன். இடம்பெயர்ந்த ஊரிலும் மரத்தடியிலும் படிப்பித்தார்கள். கைச்செலவுக்குக்கூடப் போதாத தொகைக்கு ஆண்டுக்கணக்காக வந்தார்கள். "இருங்கோ, நியமனம் வரும்" என்று அதிபரும் சொன்னார், அரசியல்வாதியும் சொன்னார். ஒரு பகுதியினருக்கு, அதுவும் வீதியில் இருந்து போராடிய பிறகு, நியமனம் கிடைத்தது. வரவைக் காட்ட ஆவணம் இல்லாதவர்களும், வயது கடந்தவர்களும் வெளியே நின்றுவிட்டார்கள். மலையகத்திலும் 2015ஐ ஒட்டி ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்ட இளைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாதான் முதலில் கொடுத்தார்கள். பிறகு அது 10,000 ஆயிற்று. லயத்திலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பஸ் காசைக் கழித்தால் மிஞ்சியது என்ன? முழு ஆசிரியரின் வேலையை வாங்கிக்கொண்டு இப்படிக் கொடுப்பது அநியாயம். அரசு செய்தாலும் அநியாயம், ஊர் செய்தாலும் அநியாயம்.

ஆகவே எழுத்தில் செய்யுங்கள். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, எந்தத் திகதியில் கையில் கிடைக்கும், யார் பழக்குவார், இது நியமனத்துக்கு உரிமை தராது என்பதெல்லாம் தமிழில், அவள் தாய்க்கும் தகப்பனுக்கும் விளங்கும்படி ஒரு கடிதத்தில் இருக்கட்டும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியைப் பெற்றபின் அவளைப் பள்ளிக்குள் எடுங்கள். அவள் வந்த நாள்களை லொக் புத்தகத்தில் பதியுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரையும் இந்த இடத்தில் வைத்திருக்காதீர்கள். கல்லூரி கிடைக்காவிட்டால் வேறு வழி காட்டுங்கள். வெளிவாரிப் பட்டம் உண்டு, திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் நன்றி சொல்லி, கையில் ஒரு சான்றிதழோடு, வாழ்க்கையை அவள் தேடிக்கொள்ள விடுங்கள்.

"இவ்வளவு செலவழித்துப் படிப்பித்தால் அவளும் ஓடிவிட மாட்டாளா?" என்று சங்கக் கூட்டங்களில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். சிலர் போவார்கள். 2022இல் நாடு நொடித்தபோது அரச ஊழியர்கள் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து ஆண்டு வரை வெளிநாடு போகலாம் என்று அரசே கதவைத் திறந்துவிட்டது. ஆசிரியர்களும் போனார்கள். எழுத்தில் பிணை வாங்கி அவளைக் கட்டிப்போட நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் நியமனம் எங்கே என்பதை அரசு தீர்மானிக்கும், அவள் கையில் இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்து வாங்குவது பிழை. ஆனால் நெடுந்தீவில் வீடும் தாயும் இருக்கிற ஒருத்தி நெடுந்தீவுக்கு நியமனம் கேட்பதற்கும், அங்கே நிற்பதற்கும் உள்ள சாத்தியம், ஒருநாளும் கடல் தாண்டாத ஒருவர் நிற்பதற்கான சாத்தியத்தைவிட எத்தனையோ மடங்கு அதிகம். இரவில் பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி "ஏன் இன்றைக்கு வரேல்லை?" என்று கேட்கக்கூடியவர் ஊரில் படுக்கிற ஆசிரியர் மட்டும்தான். பத்துப் பேரைப் படிப்பித்து ஆறு பேர் நின்றாலும் தீவகத்தின் நேரசூசியில் மையால் எழுத ஆறு பெயர் கிடைக்கும். போன நாலு பேரில் சிலராவது எங்கேயோ ஒரு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் படிப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கெட்டிக்காரப் பிள்ளை ஆசிரியராகப் போகிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். 1913இல் தீவகத்தின் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளை உலகத் தமிழாராய்ச்சிக்காகக் கொண்டாடுகிறோம். பேராதனையில் அவர் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்து ஆசிரியர்களை உருவாக்கியவர் என்பதையும், லண்டனில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையைத்தான் என்பதையும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் கேட்பது இரண்டே. தீவகப் பிள்ளைகள் கல்வியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது, அவர்களின் உள்ளகப் பயிற்சியைத் தீவகப் பள்ளிகளிலேயே கிடைக்கச் செய்ய முயலுங்கள். படகுத் துறைக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட ஆசிரியர் விடுதி இருந்தால் அதைப் பூட்டி வைக்காமல் திருத்தித் திறந்துவிடுங்கள்.

கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு மட்டும் முந்திக்கொண்டு ஒன்று செய்ய வேண்டும். ஏ.எல். முடியும் வரை காத்திருந்தால் அந்தப் பாடங்களுக்கு ஆள் கிடைக்காது. ஓ.எல். பெறுபேறு வந்த கிழமையே, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி பெற்ற தீவகப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போங்கள். அந்தப் பிரிவைப் படிக்க யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியிருந்தால் விடுதிச் செலவையும் ரியூஷன் காசையும் அந்த நாளிலிருந்தே ஏற்றுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் போனாலும் போகட்டும், மருத்துவம் கிடைத்தாலும் போகட்டும். ஆசிரியராக வர விரும்பினால் ஊர் பின்னால் நிற்கும் என்பது பதினாறு வயதிலேயே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்று பார்த்து வையுங்கள். நிகழ்ச்சி நிரலில் கட்டட நிதிக்கு மேலே 'ஆசிரியப் பயிலுநர் நிதி' என்று ஒரு வரி சேருங்கள். ஊர்ப் பள்ளி அதிபரை அன்றைக்குத் தொலைபேசியில் எடுத்து, இப்போது ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் யார், அவர்களில் ஆசிரியராக விரும்புகிறவர் யார் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு முதல் மாதக் கொடுப்பனவு அடுத்த தவணை தொடங்கும் முன்பே போய்ச் சேர வேண்டும்.